திரை காலியாக இருக்கக் கூடாது

பதிவு 1
நாள் 203, 10:15
செவ்வாய், வடமுனை நிலையம். உள்ளே: இருவர். காற்று, நீர், மின்சாரம்: சரி.

இதைக் கண்டெடுக்கும் அன்பருக்கு முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓர் ஒப்பீட்டு அறிக்கை எழுத வேண்டும். முடிவுரையை நேற்றே எழுதிவிட்டேன். ஒப்பிடும் வேலையை இன்றுதான் தொடங்குகிறேன்.

பெயர் தெய்வநாயகம். வயது நாற்பத்தொன்பது. ஊர் விருதுநகர். நிலையத்தின் மென்பொருள், தொலைத்தொடர்பு, கழிவறை அடைப்பு மூன்றும் என் பொறுப்பு. பாராட்டு வாங்கியது மூன்றாவதற்கு மட்டும்.

இங்கே கதவு, காற்று, அடுப்பு, வண்டி எல்லாமே ஒரு வலைப்பக்கத்திலிருந்துதான் இயங்குகின்றன. அதைப் பலகை என்போம். பழைய பலகையை எழுதிய ஃபிரேம்வொர்க்கை இனிப் பராமரிக்க ஆள் இல்லை. நாள் 210க்குள் புதிதாக எழுதியாக வேண்டும். ஃபிரேம்வொர்க் என்பது வேறு யாரோ நிறுத்திவைத்த தூணும் உத்திரமும். அதன்மேல் நாம் சுவர் எழுப்பி, வீடு நம்முடையது என்று சொல்லிக்கொள்ளலாம்.

போட்டியில் இரண்டு. ஒன்று ஜிலேபி. அது வேகம். ஓர் எண் வந்துசேரத் தாமதமானால், முந்தைய போக்கைப் பார்த்துத் தானே ஓர் எண்ணை இட்டு நிரப்பும். நிஜ எண் வந்ததும் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளும். அதன் விளம்பர வாசகம்: ‘திரை காலியாக இருக்கக் கூடாது’. இன்னொன்று தூண். எண் வராவிட்டால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு உம்மென்று உட்கார்ந்திருக்கும்.

தூணை உருவாக்கியவன் மாசிலாமணி. கல்லூரியில் என் ஜூனியர். இருபது வருஷத்துக்கு முன், ஆயிரம் பேர் படிக்கும் பொது மன்றத்தில் என் நிரலைப் பார்த்துவிட்டு, “இது புரோகிராம் இல்லண்ணே, வாக்குமூலம்” என்று எழுதினான். இப்போது தலைமுடி மொத்தமும் போய்விட்டதாகக் கேள்வி. படங்களில் எல்லாம் தொப்பி.

ஆகவே ஜிலேபி.

பதிவு 2
நாள் 206, 16:40
உள்ளே: இருவர். எல்லாம் சரி.

இரண்டிலும் பலகையைச் செய்து, இரண்டு திரைகளில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன். இடது திரை ஜிலேபி, முழுமையானது. வலது திரை தூண், அரைகுறை. காட்டுகிற பகுதியை மட்டும் எழுதினேன். கதவையும் வண்டியையும் இயக்கும் பகுதியை எழுதவில்லை. தோற்கப்போகிற குதிரைக்கு யாராவது லாடம் அடிப்பார்களா?

சகாயராணி வந்து பார்த்தாள். இந்த நிலையத்தின் மற்றொரு ஆள் அவள்தான். நாகர்கோவில்காரி, பனியில் துளை போடும் பொறியாளர், நாற்பத்து நாலு வயது. என் ஜோக்குகளுக்குச் சிரிக்காத ஒரே ஆள் என்று எழுதலாம். வேறு ஆள் இல்லாததால் அதில் மதிப்பில்லை. துளைக்கூடத்துக்குத் திரும்பிப் போய், உள்தொடர்பில் தீர்ப்பு அனுப்பினாள்:

“அண்ணாச்சி, தெரியலன்னா தெரியலன்னு சொல்லுக பிள்ளைய மூலைல நிப்பாட்டிட்டு, கத விடுக பிள்ளைக்கு மிட்டாய் குடுக்கியளே. நல்ல வாத்தியார் நீங்க.”

அறிக்கையைப் பூமியில் இருக்கும் தரைக்குழுவுக்கு அனுப்பிவிட்டேன். பரிந்துரை: ஜிலேபி. எண்பத்து மூன்று புள்ளிக்கு எழுபத்தொன்று. புள்ளிகளை எப்படிப் போட்டேன் என்று கேட்காதீர்கள். கூட்டல் சரியாக இருக்கிறது.

பதிவு 3
நாள் 209, 08:05
உள்ளே: ஒருவர். வெளியே: ஒருவர்.

தரைக்குழுத் தலைவி நிரஞ்சனாவின் பதில் வந்தது. வயது இருபத்தொன்பது. என்னைவிட இருபது வயது சின்னவரிடம் கைகட்டி நிற்பது உடம்புக்கு நல்லது, நிமிர்ந்து நிற்கச் செய்யும்.

“ரிப்போர்ட் அருமை சார். ஜிலேபியையே லைவ் பண்ணிடுங்க.”

பண்ணிவிட்டேன். இனி நிலையம் ஜிலேபியின் கையில். தூண் வலது திரையில் சும்மா வேடிக்கை பார்க்கும்.

சகாயராணி காலை ஆறு மணிக்கு வண்டி 1இல் கிளம்பினாள். எண்பது கிலோமீட்டர் வடக்கே பனித்துளை. நாள் 213 மாலைக்குள் திரும்புவாள். வண்டியில் அவளுக்குக் காற்று நாள் 217 நண்பகல் வரை. பாதி வழியில், நாற்பதாவது கிலோமீட்டரில், வானொலிக் கோபுரம். அவள் வண்டியின் தகவல் அந்தக் கோபுரம் வழியாகத்தான் பலகைக்கு வருகிறது. திரையில் ஒரு பச்சைப் புள்ளி மெல்ல மேலே ஊர்கிறது. துடிப்பு 74. அழகு.

பதிவு 4
நாள் 211, 13:30
புழுதிப்புயல். வெளியே பத்தடிக்கு மேல் தெரியவில்லை. மற்றவை சரி.

காலை ஒன்பதிலிருந்து வலது திரை முழுக்கக் கோடு. சகாயராணி, இடம்: கோடு. துடிப்பு: கோடு. காற்று: கோடு. இடது திரையில் எல்லாம் கச்சிதம். புள்ளி பனித்துளையில் நிற்கிறது, துடிப்பு 74, காற்று ஆறு நாள்.

மாசிலாமணியின் தூண் விழுந்துவிட்டது. இதற்காகத்தானே இருபது வருஷம் காத்திருந்தேன். தூணின் பிழைப் பட்டியலுக்கு ஒரு கடிதம் தட்டினேன்: “அன்புள்ள மாசி, ஒரே தகவலை ஜிலேபி காட்டுகிறது, உன் தூண் கோடு கோடாகப் போடுகிறது. கோலம் போடும் மென்பொருள் என்று முன்பே சொல்லியிருக்கலாம்.” மூன்று முறை படித்து, இரண்டு ஆச்சரியக்குறி சேர்த்து, அனுப்பினேன்.

மதியச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

பதிவு 5
நாள் 212, 11:00
புயல் குறையவில்லை.

சகாயராணியிடமிருந்து செய்தி. முதலில் மூன்று புள்ளிகள் துடித்தன, ‘எழுதிக்கொண்டிருக்கிறார்’. பிறகு:

“அண்ணாச்சி, வேல முடிஞ்சு. பொறப்பட்டாச்சு. கஞ்சி வச்சிருங்க.”

புள்ளி தெற்கே திரும்பியது. இந்தப் புயலில் மணிக்கு மூன்று கிலோமீட்டர். கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது. ஜன்னலில் என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

“செவப்பு தூசிதான், பின்ன சங்குத்துறை பீச்சா தெரியும்?”

சிரித்தேன். பத்து நிமிஷம் கழித்துச் சிரிப்பு நின்றது. இதை எங்கோ படித்திருக்கிறேன். பழைய செய்திகளைத் தேடினேன். நாள் 88. இதே கேள்வி, இதே பதில், எழுத்துக்கு எழுத்து.

மனிதர்கள் ஒரே ஜோக்கை இரண்டு தடவை சொல்வதுண்டு. நான் நாலு தடவை சொல்வேன். அதனால் விட்டுவிட்டேன்.

விட்டுவிட்டேன் என்று எழுதிவிட்டு அரை மணி நேரம் அவள் துடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். 74. 74. 74. மேடு ஏறும்போதும் 74. வலது திரையைத் துணி போட்டு மூடிவைத்தேன். கோடுகள் கண்ணை உறுத்துகின்றன.

பதிவு 6
நாள் 213, 15:20

புள்ளி 14:50க்கு நிலையத்தைத் தொட்டது. ‘வண்டி 1 வந்தது’ என்றது பலகை. வெளிக் கேமராவில் புழுதி அப்பியிருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. கஞ்சியை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கதவறைக்கு ஓடினேன்.

‘வெளிக்கதவு: காத்திருக்கிறார்.’ திற என்று அழுத்தினேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ‘நுழைந்தார்.’ வெளிக்கதவு மூடியது. பம்பு ஓடியது, நிஜப் பம்பு, தரை அதிர்ந்தது. ஆறு நிமிஷம் காற்று நிரம்பியது. நான் உள்கதவுப் பக்கம் நின்று, என்ன சொல்லிக் கேலி பண்ணலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உள்கதவு திறந்தது.

யாரும் இல்லை. தரையில் ஒரு கை அளவு சிவப்புப் புழுதி.

என் முதுகுக்குப் பின்னால் பலகை மணி அடித்தது. ‘நல்வரவு, சகாயராணி.’

பதிவு 7
நாள் 213, 17:45
உள்ளே: இருவர். இதை நான் எழுதவில்லை, பலகை எழுதுகிறது.

அவள் அறையில் விளக்கு எரிகிறது. ஆள் வந்தால் தானே எரியும்படி நான்தான் செய்துவைத்தேன். அடுப்பு இரண்டு பொட்டலம் சூடாக்கியது. காற்றுப் பம்பு இரண்டு பேருக்கு ஓடுகிறது. அவள் அறைக்குள் போனேன். எதற்கு என்று தெரியவில்லை. பலகையில் ‘துடிப்பு 58, உறங்குகிறார்’ என்று இருந்தது. படுக்கையில் கை வைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

மெத்தைக்குள் சூட்டுக்கம்பி இருக்கிறது. ஆள் தூங்கினால் பலகை அதை இயக்கும். எனக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியும். ஆனாலும் கையை எடுத்த வேகத்தில் முழங்கை சுவரில் அடித்துக்கொண்டது.

தரையிலிருந்து இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. முதலாவது நிரஞ்சனா:

“சகாயராணி மேடம் சேஃபா உள்ள வந்துட்டாங்கன்னு இங்கயும் காட்டுது. எல்லாரும் கை தட்டினோம் சார். சூப்பர்.”

இரண்டாவது மாசிலாமணி. ஆச்சரியக்குறிக்குப் பதில் ஆச்சரியக்குறி வரும் என்று எதிர்பார்த்தேன்.

“அண்ணே, நல்லா இருக்கீங்களா? அது பிழை இல்லண்ணே. கோடு வந்தா தகவலே வரலன்னு அர்த்தம். ஜிலேபி மட்டும் காட்டுதுன்னா அது சொந்தமா இட்டு நிரப்புது. எல்லாக் கட்டத்துக்கும் அது தானா ஆன் ஆகியிருக்கும், செய்தி எழுதுற கட்டத்துக்குக்கூட. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. யாராவது வெளிய இருக்காங்களா?”

பதிவு 8
நாள் 214, 09:10

மூன்று நாளாகக் கோபுரம் செத்துக் கிடக்கிறது. நாள் 211 காலை ஒன்பதுக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு எண்கூட வரவில்லை. கஞ்சி கேட்டது அவள் இல்லை. அவள் எழுதின எழுநூறு செய்திகளைத் தின்றுவிட்டு ஜிலேபி கேட்டது.

உடனே வண்டி 2ஐ எடுக்கப் போனேன். பூட்டு திறக்கவில்லை. புயலில் வண்டியை எடுப்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்குதான் உண்டு: வெளியே ஆள் சிக்கியிருக்க வேண்டும். பலகை சொன்னது: ‘வெளியே யாரும் இல்லை. மீட்பு தேவையில்லை.’ அவள் பெயரிலுள்ள கட்டங்களில் நிரப்புவதை அணைத்துப் பார்த்தேன். அணைத்த பிறகும், கடைசியாக நம்பியதை அது விடவில்லை. அவள் உள்ளேதான் இருக்கிறாளாம். தூங்குகிறாளாம்.

ஒரே வழி, பலகை மொத்தத்தையும் தூணுக்கு மாற்றுவது. தூணில் வண்டிப் பூட்டை நான் எழுதவே இல்லை. கதவையும் எழுதவில்லை. முடிவுரைதான் முதலிலேயே தயாராக இருந்ததே.

தரைக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அறிக்கை பொய், புள்ளிகள் பொய், பழி என்னுடையது என்று. இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு சுருக்கமாக நான் எதையும் எழுதியதில்லை. நிரஞ்சனா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“அத அப்புறம் பேசலாம் சார். பூட்டு நிரல மாசிலாமணி சார் அங்க எழுதுறார், கதவ நீங்க எழுதுங்க. அவங்களுக்கு இன்னும் மூணு நாள் காத்து இருக்கு. டைப் பண்ணுங்க.”

பக்கத்து அறையில் விளக்கு அணைந்து, மறுபடி எரிகிறது. ‘சகாயராணி விழித்துவிட்டார்.’ அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை. தட்டச்சு செய்கிறேன்.

பதிவு 9
நாள் 215, 07:30

முடிந்தது. மாசிலாமணியின் நிரல் நூற்று நாற்பது வரி. முதல் வரியில் எனக்கு ஒரு குறிப்பு: “அண்ணே, அன்னிக்கு வாக்குமூலம்னு எழுதினது ரொம்பத் தப்பு. இருபது வருஷமா உறுத்துது.” அதை மட்டும் அழிக்காமல் விட்டேன்.

07:12க்குப் பலகையைத் தூணுக்கு மாற்றினேன், இந்தப் பதிவேட்டுப் பக்கம் தவிர; அதைத் தூணில் எழுத நேரமில்லை.

உள்ளே: ஒருவர். சகாயராணி, இடம்: —. துடிப்பு: —. காற்று: —.

அவள் அறை விளக்கு அணைந்தது. பம்பு சுருதி இறங்கியது. நிலையத்தில் நான் தனியாக இருக்கிறேன் என்பது இரண்டு நாளுக்குப் பிறகு எனக்குச் சொல்லப்பட்டது. அந்தக் கோடுகளைப் பார்த்து அழுதேன் என்று எழுதினால் மாசிலாமணி படித்துவிடுவான். எழுதிவிட்டேன், போகட்டும்.

வண்டி 2 திறந்துவிட்டது. எண்பது கிலோமீட்டர். இந்தப் புழுதியில் மணிக்கு ஒன்றரை, இரண்டு. அவள் காற்று தீர ஐம்பத்திரண்டு மணி நேரம் இருக்கிறது. கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. கிளம்புகிறேன்.

பதிவு 10
நாள் 216, 09:40
வண்டி 2இலிருந்து. கிலோமீட்டர் 40.

கோபுரம் குப்புறக் கிடக்கிறது. தூக்கப் பார்த்தேன், விரல் நசுங்கியதுதான் மிச்சம். இடது கையால் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 

இதைத் தாண்டினால் என் வண்டியின் வானொலி நிலையத்துக்கு எட்டாது. திரும்பி வரும்போது இதே இடத்தில் எழுதுகிறேன்.

இருபத்தாறு மணி நேரத்தில் பாதி தூரம். மீதி இருபத்தாறு. சரியாக நண்பகல். ஒரு சக்கரம் சிக்கினால் போயிற்று. மின்கலம் ஐம்பத்தொரு சதவீதம், போகப் போதும், திரும்ப அவள் வண்டியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் வண்டியில் இருந்தால். நான் அன்றே அந்தக் கோடுகளை நம்பியிருந்தால் அவளுக்கு இரண்டு நாள் மிச்சம். இரண்டு முழு நாள். ஆச்சரியக்குறி சேர்த்துக்கொண்டிருந்தேன் நான்

சகாயம், நீ இதை எப்போதாவது படித்தால், நீ சொன்னதுதான் சரி, கதை விடுகிற பிள்ளைக்கு நான் மிட்டாய்

ஏதோ தெரிகிறது. முன்னால். விளக்கா தெரியவில்லை. போகிறேன்

பதிவு 11
நாள் 218, 10:15
வண்டி 2இலிருந்து. கிலோமீட்டர் 40, திரும்பும் வழி. உள்ளே: இருவர். காற்று, நீர், மின்சாரம்: சரி.

கண்டுபிடித்துவிட்டேன். நாள் 217, 11:35. வண்டி 1 பனித்துளைக்குத் தெற்கே இரண்டு கிலோமீட்டரில் ஒரு பள்ளத்தில் சரிந்திருந்தது. அச்சு முறிந்திருந்தது. சகாயராணி உள்ளே உட்கார்ந்து, மூச்சை எண்ணிக் காற்றை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டியதும் ஹெல்மெட் வானொலியில் அவள் குரல் கேட்டது:

“என்ன அண்ணாச்சி, இவ்வளவு லேட்டா வாரியளே. கஞ்சி வச்சியளா?”

வைத்தேன் என்றேன். யாருக்கு வைத்தேன் என்று சொல்லவில்லை. சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அவள் வண்டியிலிருந்து மின்கலத்தை மாற்றிக்கொண்டோம். புயல் அடங்கிவிட்டது. வானம் சுத்தமாக இருக்கிறது. கோபுரத்தை இருவரும் சேர்ந்து நிமிர்த்திவிட்டோம், ஒரே தள்ளலில் எழுந்து நின்றது. என் விரலும் வலிக்கவில்லை. அறிக்கையைப் பற்றி எல்லாவற்றையும் அவளிடம் ஒப்புக்கொண்டேன். கோபப்படவில்லை. என் ஜோக்குக்குச் சிரித்தாள். இப்போது பக்கத்து இருக்கையில் உறங்குகிறாள். துடிப்பு 74.

மாலைக்குள் நிலையம் போய்ச் சேர்ந்துவிடுவோம். வழி நெடுகச் சமதளம். இதைக் கண்டெடுக்கும் அன்பர் கவலைப்பட வேண்டாம். எல்லாம் சரி.



பதிவேட்டுப் பக்கம்: ஜிலேபி, பதிப்பு 9.2
பதிவு 1 முதல் 10 வரை: விசைப்பலகையிலிருந்து. கடைசி விசைத்தட்டல் நாள் 216, 09:52.
பதிவு 11: முந்தைய பதிவுகளின் போக்கைக் கொண்டு இட்டு நிரப்பப்பட்டது.